நடுக்கப்பல், கீழ்த்தளம், ஜன்னல் கிடையாது

அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்து விடுங்க சார். முழுசா. ஆங், அவ்வளவுதான். காத்து பட்டா எனக்குக் காது அடைச்சுக்கும். உள்ள பஞ்சு வச்சு மேல மப்ளரும் சுத்தியிருக்கேன், அப்படியும் எந்த வழியாப் புகுறதுன்னு அதுக்குத் தெரியுது. புழுங்குதுன்னா மேல் பட்டனை அவுத்து விட்டுக்குங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

சென்னை வரைக்குமா? நல்லது. நானும் சென்னைதான். துறைமுகம். கப்பல் ஏறப் போறேன். சிரிக்காதீங்க, நிஜமாத்தான். மூணு நாள் உல்லாசக் கப்பல். கடலுக்குள்ள கூட்டிட்டுப் போய் ஒரு சுத்து சுத்திட்டு, ஏறின இடத்துலயே கொண்டாந்து இறக்கி விட்டுடுவான். போன வருஷமும் போனேன். இது ரெண்டாவது தடவை.

முன்னாடி மூணாவது வரிசைல ஜன்னலோரமா பச்சைப் புடவை தெரியுதா? தலைமுடியெல்லாம் பறக்குது பாருங்க. அது என் சம்சாரம். வனஜா. அவளும் அதே கப்பலுக்குத்தான் வர்றா. ஒரே கப்பல், ஒரே தேதி. ரூம்தான் வேற வேற.

அப்படிப் பார்க்காதீங்க சார், சண்டையெல்லாம் இல்ல. காலைல இட்லி அவதான் கட்டிக் குடுத்தா, இதோ பையில இருக்கு. விஷயம் என்னன்னா, இப்ப வனஜா பேரு ரெண்டு ரூம்ல இருக்கு. அவ எடுத்த ரூம்லயும் இருக்கு, நான் எடுத்த ரூம்லயும் இருக்கு. எதுல வைக்கணும், எதுல இருந்து எடுக்கணும்னு பன்னண்டு மணிக்குள்ள நான் கப்பல் கம்பெனிக்குச் சொல்லியாகணும். இப்ப மணி பத்தே கால். அவளைக் கேட்டுச் சொல்லுங்கன்னு அந்தக் கம்பெனில இருக்கிற ஒரு பொண்ணு போன்ல சொல்லுது. கேக்கறதாம்! ஒரு பெர்த் போடறதுக்கு நான் போய் இன்னொருத்தரைக் கேக்கணுமாம்.

நான் யாருன்னு தெரிஞ்சாத்தான் உங்களுக்கு இதுல இருக்கிற அநியாயம் புரியும். விழுப்புரம் ஜங்ஷன் ரிசர்வேஷன் கவுண்டர்ல முப்பத்தி நாலு வருஷம் சார். கோதண்டபாணின்னு அங்க யாரை வேணாக் கேட்டுப் பாருங்க. கவுண்டருக்கு வர்ற ஆளைப் பார்த்தே சொல்லிடுவேன், இவருக்கு லோயர், இவருக்கு அப்பர், இந்த அம்மாவுக்கு சைடு லோயர்னு. ஃபாரத்துல பெர்த் விருப்பம்னு ஒரு கட்டம் இருக்கும். பாதி ஜனங்க அதை எழுதாமலே நீட்டும். கேட்டுக்கிட்டு இருந்தா வரிசை நகருமா? நானே போட்டுடுவேன். அத்தனை வருஷத்துல ஒருத்தர்கூடத் திரும்பி வந்து, ஏன்யா இப்படிப் போட்டேன்னு கேட்டதில்ல. பயணம் முடிஞ்சவன் எதுக்கு மாமா உங்களைத் தேடி வரப் போறான்னு என் மாப்பிள்ளை கேக்கறாரு. அவர் பேசறது எப்பவுமே அப்படித்தான்.

வனஜாவுக்குப் பயணம் ஒத்துக்காது. இதை நல்லா மனசுல வாங்கிக்குங்க. கல்யாணமாகி மூணாம் நாள், திருவண்ணாமலைக்குப் பஸ்ல போறோம். எனக்கு அப்பவே இந்தக் காது. ஜன்னலைச் சாத்திட்டு உக்காந்தோம். செஞ்சி தாண்டல, என் புதுச் சட்டை மேலயே வாந்தி எடுத்துட்டா. நான் ஒரு வார்த்தை திட்டல சார். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இவளுக்குப் பயணம் ஒத்துக்காத உடம்பு, நாமதான் பத்திரமாப் பார்த்துக்கணும்னு. அதுக்கப்புறம் எங்க கிளம்பினாலும் ஒரு எலுமிச்சம்பழம், ஒரு பிளாஸ்டிக் பை. ஜன்னலைச் சாத்திடுவேன், எலுமிச்சம்பழத்தைக் கையில குடுத்து மோந்துக்கிட்டே வான்னு சொல்லிடுவேன். அப்பவும் எடுப்பா. பஸ்ல எடுப்பா, கார்ல எடுப்பா. ரயில்லகூட, ஷட்டரை இறக்கி விட்டுக் காத்தே வராமப் பண்ணிக் குடுப்பேன், அப்படியும் தலையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வருவா.

ரயில்வேல வருஷா வருஷம் குடும்பத்துக்கு பாஸ் உண்டு. காசி வரைக்கும் போகலாம். நான் எடுத்ததே இல்ல சார். எல்லாம் அவளுக்காகத்தான். அவ தங்கச்சி பெங்களூர்ல வீடு கட்டினா, கிரகப்பிரவேசத்துக்கு நான் மட்டும் போயிட்டு வந்தேன். தங்கச்சி பொண்ணு கல்யாணம் மைசூர்ல. பட்டுப்புடவையெல்லாம் எடுத்து வச்சிட்டா. வேணாம், வழியெல்லாம் கஷ்டப்படுவேன்னு சொல்லி நான் மட்டும் போய் மொய் எழுதிட்டு வந்தேன். அங்க எல்லாரும் வனஜா எங்க, வனஜா எங்கன்னு கேக்கறாங்க. அவ உடம்பைப் பத்தி நான்தான் ஒவ்வொருத்தருக்கா உக்காந்து விளக்கினேன். எத்தனை பேரு இப்படிப் பார்த்துக்குவாங்க சொல்லுங்க?

சரி, கப்பலுக்கு வர்றேன். எனக்கு ஒரே பொண்ணு, இந்துமதி, கோயமுத்தூர்ல இருக்கா. போன வருஷம் எங்க கல்யாண நாளுக்கு ரெண்டு பேருக்கும் கப்பல் டிக்கெட் எடுத்துத் தர்றேன்னா. அம்மா எங்கேயுமே போனதில்லப்பா, பால்கனி வச்ச கேபினாப் போட்டுடறேன்னா. கப்பல்ல ரூமைக் கேபின்னுதான் சொல்லுவாங்க. நான் உடனே போனை வாங்கிட்டேன். நீ பணத்தைக் கட்டு, இடத்தை நான் பார்த்துக்கறேன், கப்பலோட படத்தை அனுப்புன்னு சொல்லிட்டேன்.

படம் வந்துச்சு. பிரவுசிங் சென்டர்ல பெரிசா அச்சடிச்சு வாங்கினேன். பதினோரு மாடி சார் அது, ஒவ்வொரு மாடிக்கும் ஒரு தாள். சாப்பாட்டு மேஜை மேல விரிச்சு, ஸ்கேல் வச்சு, மூணு வாரம் பார்த்தேன். அந்த மூணு வாரமும் நாங்க ரெண்டு பேரும் தரையில உக்காந்துதான் சாப்பிட்டோம்.

ரூம்ல நாலு ரகம். உள்பக்க ரூம், ஜன்னலே கிடையாது. அடுத்தது கண்ணாடி வச்ச ரூம், ஆனா கண்ணாடியைத் திறக்க முடியாது. மூணாவது பால்கனி ரூம், கதவைத் திறந்து வெளிய போய் உக்காரலாம். நாலாவது பெரிய மனுஷங்களுக்கு, நமக்கு எதுக்கு அது. ஜனங்க என்ன பண்ணும்? பால்கனின்னு கேட்டதும் பல்லைக் காட்டிக்கிட்டு அதைத்தான் எடுக்கும். நான் அப்படி எடுக்கல. யோசிச்சேன்.

ரயில் பெட்டில எங்க ஆட்டம் அதிகம்? ரெண்டு ஓரத்துலயும், சக்கரத்துக்கு மேல. எங்க கம்மி? நடுவுல. ஒரு பெட்டில எழுபத்திரண்டு பெர்த்துன்னா முப்பத்தி மூணுல இருந்து நாப்பது வரைக்கும் இருக்கு பாருங்க, அது தொட்டில் மாதிரி. கப்பலும் அதேதான். நடுவுல ஆட்டம் கம்மி. மேல போகப் போக ஆட்டம் ஜாஸ்தி, கீழ வர வரக் கம்மி. இது என் கற்பனை இல்ல, கப்பல்ல வேலை பார்த்தவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவான். அதனால கீழ்த்தளம், நடு இடம். லிஃப்டுக்குப் பக்கத்துல வேணாம், ராவும் பகலும் ஜனம் போகும். சமையல்கட்டுக்குக் கீழ வேணாம், பாத்திரத்தை உருட்டுவான். ஆட்டம் போடற ஹாலுக்குக் கீழ வேணவே வேணாம். இதையெல்லாம் கழிச்சு, வடிகட்டி, மூணாவது தளத்துல நட்ட நடுவுல ஒரு ரூமைப் பிடிச்சேன். உள்பக்க ரூம். ஜன்னல் இல்ல. அதுதான் சார் விசேஷமே. ஜன்னல் இருந்தா அலையைப் பார்ப்பா, அலையைப் பார்த்தாத் தலை சுத்தும். காத்தும் வராது, என் காதும் பிழைச்சுது. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. விலையும் அதுதான் கம்மின்னு மாப்பிள்ளை கிண்டலாச் சிரிச்சாரு. நான் விலைக்காக எடுக்கல. இன்னும் விலை ஜாஸ்தியா இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

நீங்களே சொல்லுங்க, இதுல என் யோசனை எங்க தப்பு? சொல்லுங்க பார்ப்போம். ஒரு இடத்துல காட்டுங்க.

வனஜாவைக் கேட்டேனாவா? அவளுக்குக் கப்பலைப் பத்தி என்ன சார் தெரியும்.

கப்பல் ஏறினோம். ரூம் படு சுத்தம். ரெண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டு, வெள்ளைத் துணி விரிச்சு, துவாலையை அன்னப்பட்சி மாதிரி மடிச்சு வச்சிருந்தான். ஒரு பக்கத்துச் சுவர்ல அழகா ஒரு திரை தொங்குச்சு. வனஜா ஆசையாப் போய் அதைத் தள்ளினா. பின்னாடி சுவர். சும்மா அழகுக்குத் தொங்க விட்டிருக்கான். அவ திரையைத் திரும்ப இழுத்து, மடிப்பெல்லாம் சரி பண்ணி விட்டுட்டுக் கட்டில்ல உக்காந்துட்டா. நான் டி.வி.யைப் போட்டேன். அதுல ஒரு சேனல்ல கப்பல் முன்பக்கத்துக் கேமரா. கடல் அப்படியே வருது! இதோ பாரு, கடல் வீட்டுக்குள்ளயே வருது, சவுண்டு வேணும்னா வச்சுக்கன்னேன். ஆமாங்கன்னா.

கப்பல் கிளம்பி ரெண்டு மணி நேரம்தான். ஆரம்பிச்சுட்டா. எலுமிச்சம்பழம் குடுத்தேன். பை குடுத்தேன். ஃபேன் காத்து மூஞ்சில அடிக்குதோன்னு ஏ.சி.யைக்கூட அணைச்சு விட்டேன். ஒண்ணுக்கும் நிக்கல. மறுநாள் காலைல எழுந்திரிக்கவே முடியாம சுருண்டு கிடந்தா. நான் போய்த் தயிர்சாதம் வாங்கிட்டு வரேன்னு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். அங்க தயிர்சாதம் போட்டு வாங்கறதுக்குள்ள எனக்குப் பெரும்பாடு ஆயிடுச்சு. திரும்பி வந்து பார்த்தா ரூம்ல ஆள் இல்ல.

பாத்ரூம்ல இல்ல. வராந்தால இல்ல. டாக்டர் ரூம்ல இல்ல. செருப்பும் இல்ல. மூணாவது மாடி, நாலாவது மாடி, அஞ்சாவது மாடின்னு தட்டைக் கையில வச்சுக்கிட்டு ஓடறேன். வரவேற்பறைல போட்டோ இருக்கான்னு கேட்டாங்க. போன்ல தேடறேன், தேடறேன், அவ தனியா நிக்கற மாதிரி ஒரு படம் இல்ல. என்ன கலர் புடவைன்னு கேட்டாங்க. அதுவும் வாயில வரல. பயந்துட்டேன் சார். நான் பயந்தேன்னு யார்கிட்டயும் சொன்னதில்ல, உங்ககிட்டச் சொல்றேன். ஒரு இடத்துல கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கடலைப் பார்த்தேன். பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாதுன்னு நினைச்சுக்கிட்டே பார்த்தேன்.

அப்புறம் பத்தாவது மாடில, மேல வெட்டவெளில பார்த்தா, உக்காந்திருக்கா. சாஞ்சுக்கற நாற்காலில. எதிர்க்காத்து ஆளையே தூக்குது, புடவைத் தலைப்பு கொடி மாதிரி பறக்குது. பக்கத்துல இன்னொரு அம்மா. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு தட்டு. பூரி சார். பூரி! எண்ணெய்ல பொரிச்ச பூரி. எங்கேயாவது கிளம்பறோம்னா முதல் நாள் ராத்திரில இருந்தே பட்டினி கிடக்கிறவ, மூணு பூரியை முடிச்சுட்டு நாலாவதைப் பிச்சுக்கிட்டு இருக்கா. சிரிச்சுக்கிட்டு வேற இருக்கா.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். எழுந்திரு, காத்துல உக்காந்திருக்கே, உள்ள வான்னு கத்தினேன். அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்துச்சு. ரெஜினா, தூத்துக்குடிக்காரங்க. வீட்டுக்காரர் கப்பல்ல எஞ்சினியரா இருந்து தவறிப்போனவராம். “அண்ணாச்சி, அக்கா அங்க படிக்கட்டுல உக்காந்து வாந்தி எடுத்துட்டு இருந்தாவ. நான்தான் மேல கூட்டியாந்தேன். காத்துல உக்காந்து, தூரத்துல கடலும் வானமும் சேருற இடத்தையே பாத்துக்கிட்டு இருந்தா அஞ்சு நிமிசத்துல நின்னு போவும். அடைச்ச ரூம்ல போட்டா யாருக்குத்தான் வராது? எங்க ஊர்ல கோழிக்கூண்டுக்கே நாலு பக்கமும் கம்பி வச்சிருக்கோம், அண்ணாச்சி”ன்னுச்சு.

நான் விடுவேனா. ஆட்டம் எங்க கம்மி, எங்க ஜாஸ்தின்னு பத்து நிமிஷம் நின்னுக்கிட்டே விளக்கினேன். அந்த அம்மா பொறுமையாக் கேட்டுட்டு, “நீங்க சொல்றது சரிதான் அண்ணாச்சி, நடுவுல ஆட்டம் கம்மிதான்”ன்னுச்சு. பார்த்தீங்களா? எஞ்சினியர் பொண்டாட்டியே ஒத்துக்கிட்டாங்க. நான் வனஜாவைப் பார்த்தேன், கேட்டுக்கோங்கிற மாதிரி. அவ கடலைப் பார்த்துக்கிட்டே, “நீங்க ரூமுக்குப் போங்க, காது அடைச்சுக்கும். நான் இங்கயே இருக்கேன்”ன்னா.

இங்கயே இருக்கேன்னா என்ன அர்த்தம்? மிச்ச ரெண்டு நாளும் அவ அங்கதான் சார் இருந்தா. குளிக்க, துணி மாத்த மட்டும் கீழ வருவா. தூங்கறதுகூட ரெஜினாவோட பால்கனி ரூம்ல. நான் எங்க இருந்தேனா? நான் என் ரூம்லதான் இருந்தேன். ஒரு சொட்டுத் தண்ணி டம்ளர்ல தளும்பல. டம்ளரை மேஜை மேல வச்சு மணிக்கணக்காப் பார்த்தேன். இறங்கும்போது கருத்து எழுதற தாள் குடுத்தாங்க. ரூம் எப்படி இருந்துச்சுன்னு ஒரு கேள்வி. மிக நன்று, அப்படின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் இறங்கினேன்.

ஊருக்குத் திரும்பற பஸ்ல அவளாவே போய் ஜன்னலோரம் உக்காந்து, கண்ணாடியைத் தள்ளித் திறந்தா. விழுப்புரம் வரைக்கும் ஒண்ணும் ஆகல. பை அப்படியே மடிச்சது மடிச்சபடி இருந்துச்சு. இந்துமதி போன்ல, “அப்பா, முப்பத்தஞ்சு வருஷமா அம்மாவுக்கு ஒத்துக்காதது பயணம் இல்லப்பா, நீங்க சாத்தின ஜன்னல்தான்”ங்கறா. பெத்த பொண்ணு பேசற பேச்சா இது? நான் சொன்னேன், அது புதுப் பஸ், ஸ்பிரிங் நல்லா இருந்துச்சு. அதுக்கு முந்தின மாசம்தான் அவளுக்கு சுகர் மாத்திரையும் மாத்தினாங்க. காரணம் ஆயிரம் இருக்கும், ஜன்னல் மேல பழியைப் போட்டா ஆச்சா?

அதுக்கப்புறம் அவ கால் வீட்ல தங்கல. தனியா பெங்களூர் போனா, தங்கச்சி வீட்டுக்கு. அங்க இருந்து மைசூர். அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைங்க ஆயிடுச்சு, இப்பப் போய்ப் பெரியம்மா வந்திருக்கேன்னு நிக்கறா. திரும்பி வந்து, “அந்தக் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கிட்டுப் போனேங்க, மடிப்புல எல்லாம் விட்டுப் போச்சு”ன்னா. நான்தான் அன்னிக்குச் சாப்பிடாமப் படுத்துட்டேன். வயிறு சரியில்ல எனக்கு.

போன மாசம் ஒரு நாள் காபி குடுக்கும்போது சொல்றா, நானும் ரெஜினாவும் மறுபடி கப்பல் போறோம், டிக்கெட் எடுத்துட்டோம்னு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. என்ன ரூம்னு கேட்டேன். பால்கனின்னா. எத்தனாவது தளம்? எட்டாவது. எந்தப் பக்கம்? முன்பக்கம். நான் போய் பீரோவுல இருந்து அந்தப் படத்தையெல்லாம் எடுத்து விரிச்சேன். பாரு வனஜா, முன்பக்கம், உயரம், தலைக்கு மேல நீச்சல்குளம், பக்கத்துல படிக்கட்டு. இதைவிட மோசமான இடம் அந்தக் கப்பல்லயே கிடையாது. ஒவ்வொண்ணாச் சொன்னேன். அவ முழுசாக் கேட்டுட்டு, “சரிங்க. ஆனா எனக்கு அது பிடிச்சிருக்கு”ன்னா.

பிடிச்சிருக்காம். பிடிச்சிருக்குன்னா அதுக்கு என்ன சார் பதில் சொல்ல முடியும்? சட்டத்துல அதுக்கு இடம் இருக்கா?

நானும் சும்மா விடல. அன்னிக்குச் சாயங்காலமே கம்பெனிக்குப் போன் போட்டு, அதே கப்பல், அதே தேதி, அதே மூணாவது தளம், போன வருஷம் இருந்த அதே ரூமைப் போட்டுட்டேன். நீ வான்னு அவ கூப்பிடல. கூப்பிடாமத்தான் போறேன். அந்த ரூம் சரியான ரூம்னு நிரூபிக்கப் போறேன். அந்த ரூம் ரெண்டு பேருக்குன்னு உள்ளது, தனி ஆள் போனாலும் ரெண்டு பேருக்குக் கட்டணும்னான். கட்டினேன். கட்டினப்புறம் இன்னொரு பேரு எழுதாம விட முடியுமா? முப்பத்தி நாலு வருஷத்துல ஒரு பெர்த்தைக் காலியா ஓட விட்டவன் இல்ல நான். வனஜா பேரைக் குடுத்தேன். வேற யார் பேரைக் குடுக்கறது? எனக்கு வேற யார் இருக்கா?

அவளுக்குத் தெரியாது. இன்னிக்குக் காலைல நான் ஷேவ் பண்ணிக்கிட்டு இருக்கும்போது அந்தக் கம்பெனிப் பொண்ணு கூப்பிட்டுச்சு. சார், ஒரே பேரு ரெண்டு கேபின்ல காட்டுது, ஒருத்தருக்கு ரெண்டு இடம் குடுக்க விதி இல்லங்குது. எனக்கே விதி! அம்மா, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே அந்த விதியை நான் கவுண்டர்ல உக்காந்து ஜனங்களுக்குச் சொல்லிக்கிட்டு இருந்தேன்னேன். அது கோவிச்சுக்கல. “மேடத்துக்கு எந்த ரூம் வேணும்னு அவங்களையே கேட்டுச் சொல்லிடுங்க சார். பன்னண்டு மணிக்குப் பட்டியல் முடிச்சிடுவோம்”ன்னு வச்சிடுச்சு.

பஸ் ஸ்டாண்டுல கேக்கலாம்னு இருந்தேன். அவ முதல்ல ஏறிட்டா. பக்கத்துல இடம் காலியாத்தான் இருந்துச்சு, எனக்காக விட்டு வச்சாளோ என்னவோ. அந்தக் காத்துல நான் எப்படி உக்காருவேன்? பின்னாடி வந்துட்டேன். இப்ப அந்த இடத்துல யாரோ ஒரு அம்மா கூடையோட உக்காந்திருக்கு.

கேக்கறதுல எனக்கு ஒண்ணும் கூச்சம் இல்ல. ஆனா கேட்டா அவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சதை எதுக்குக் கேக்கணும்? கேக்காம இருந்தா ரெண்டு இடத்துலயும் பேரு இருக்கும் பாருங்க, பன்னண்டு மணி வரைக்குமாவது.

என்ன சார், வண்டி ஓரம் கட்டுது? மதுராந்தகம் தாண்டிட்டோமா? டீக்கு நிறுத்தறான். பத்து நிமிஷம்ங்கறான். நீங்க இறங்கலையா? நானும் இறங்கல. டீ குடிக்கற பழக்கம் இல்ல எனக்கு.

அவ இறங்கல போல இருக்கே. பக்கத்துல இருந்த கூடை அம்மா இறங்கிடுச்சு.

என்ன, போய்க் கேளுங்கங்கற மாதிரி பார்க்கறீங்க. கேட்டுடுவேன் சார். எனக்கென்ன பயமா? கொஞ்சம் காலை மடக்குங்க, வழி விடுங்க. இந்தப் பையைப் பார்த்துக்குங்க, இதோ வர்றேன்.



வந்துட்டேன். வண்டி எடுத்துட்டான், கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வர்றதுக்குள்ள ஆளை உருட்டிடுவான் போல இருக்கு. காலை மடக்குங்க. ஆங்.

கேட்டுட்டேன். பக்கத்துல உக்காந்து, நேராக் கேட்டேன். உன் பேரு என் ரூம்லயும் இருக்கு, உனக்கு எந்த ரூம் வேணும் வனஜான்னு. அவ என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் ஏதோ தெரியாத பாஷைல பேசின மாதிரி பார்த்தா. அப்புறம் சொன்னா, “எட்டாவது மாடிங்க. உங்க ரூம்ல இருந்து என் பேரை எடுத்துடச் சொல்லுங்க”ன்னு. பட்டுன்னு சொன்னா. ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம்ல? யோசிக்கிற மாதிரி நடிச்சாவது இருக்கலாம்.

அவ எதிர்லயே போன் போட்டுச் சொல்லிட்டேன். பேரை எடுத்தாச்சு. அந்தப் பொண்ணு நன்றி சார்னுச்சு. இப்ப அந்த ரூம்ல நான் மட்டும்தான். ரெண்டு கட்டிலையும் பிரிச்சுப் போடட்டுமான்னு கேட்டுச்சு. வேணாம், கிடக்கட்டும்னுட்டேன். வலிக்குது சார். வலிக்காம இருக்குமா? ஆனா அதுக்காக அந்த ரூம் தப்புன்னு நான் சொல்லப் போறதில்ல. இப்பவும் சொல்றேன், அந்தக் கப்பல்லயே ஆட்டம் இல்லாத இடம் அதுதான்.

எழுந்து வரும்போது இன்னொண்ணு சொன்னா. “காலைல ஆறு மணிக்கு நானும் ரெஜினாவும் மேல போயிடுவோம். சூரியன் கடல்ல இருந்து வர்றதைப் பார்க்கணும். மூணு நாற்காலி போட்டு வைக்க அவகிட்டச் சொல்லியிருக்கேன்”னா. மூணு. இவளை யாரு மூணு போடச் சொன்னது? நான் வர்றேன்னு சொன்னேனா? காதுல பஞ்சோட அந்தக் காத்துல போய் உக்காந்து, நான் சொன்னது எல்லாம் தப்புன்னு ரெஜினா முன்னாடி ஒத்துக்கணுமா? நடக்காது சார். நான் போக மாட்டேன்.

ஆனா பாருங்க, அந்த ரூம்ல ஒரு சின்ன விஷயம் இருக்கு. குறைன்னு சொல்ல மாட்டேன். ஜன்னல் இல்லாததால பொழுது விடிஞ்சதே தெரியாது. எட்டு மணி வரைக்கும் கும்மிருட்டாத்தான் இருக்கும், ஆளு பாட்டுக்குத் தூங்கிடுவான். அதனால இப்பவே போன்ல அலாரம் வச்சுட்டேன். அஞ்சரைக்கு. சரியா வச்சிருக்கேனான்னு பாருங்க, எனக்கு இந்தப் போன்ல அவ்வளவாப் பழக்கம் இல்ல. காலை அஞ்சரைதானே காட்டுது? எழுந்திரிக்கத்தான் வச்சேன். போறதுக்கு இல்ல.